எட்டே முக்கால் மணி மௌனம்

காளவாசல், மதுரை
3-2-2005
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

திரு. வெங்கடேஷ்பாபு, புனே.

1. மதுரை மாநகர், காளவாசலில் குடியிருக்கும், காலஞ்சென்ற சந்தானம் அவர்களின் மகன், வயது ஐம்பத்தெட்டு, வழக்கறிஞர் ராஜகுரு ஆகிய நான், என் உடன்பிறந்த தங்கையின் மகனாகிய உனக்கு இக்கடிதத்தை எழுதுவிக்கிறேன்.

2. ‘எழுதுகிறேன்’ என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. கையெழுத்து குமாஸ்தா காளையுடையது. சென்ற ஆண்டு முதல் எனக்கு இரு கண்களிலும் பார்வையின் நடுப்பகுதி இல்லை. ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. எதிரில் நிற்பவரின் காது தெரியும், முகம் தெரியாது. தெளிய வழியில்லை என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள்.

3. 14-8-2001 அன்று, “இனி உன் குரல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது” என்று உன்னிடம் சொன்னேன். அந்த வார்த்தையை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. கடிதத்திற்குக் குரல் இல்லை. ஆகவே இது அதற்கு முரணாகாது. இதே காரணத்தால் தொலைபேசி வேண்டாம்.

4. அலுவலகக் கணினியில் நீ நிறுவிய லினக்ஸ்தான் இன்றும் ஓடுகிறது. உரிமம் இல்லாத மென்பொருள் வழக்கறிஞர் அறையில் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதால் நீ அதைக் கொண்டுவந்தாய். அதன் உரிமப் பத்திரம் முழுவதையும் படித்த பிறகே அனுமதித்தேன். அப்போது என்னால் படிக்க முடிந்தது.

5. திரையில் உள்ள ஆங்கிலத்தை உரக்கப் படித்துக்காட்டும் நிரல் ஒன்றைச் சென்ற மாதம் கடைக்காரர் ஒருவர் ஏற்றிக்கொடுத்தார். இங்கே அதைப் ‘படிப்பான்’ என்கிறோம். அவர் மதியம் வந்து சோதித்தபோது, சற்று முன்புதான் மின்தடை நீங்கியிருந்தது. படிப்பான் தெளிவாகப் பேசியது. மறுநாள் காலை எட்டே முக்கால் மணிக்கு நான் வேலைக்கு உட்கார்ந்தபோது பேசவில்லை. அன்று முதல் ஒருநாளும் பேசவில்லை. அகராதி நிரலின் உச்சரிப்பும் கேட்பதில்லை. பாட்டு நிரலில் மட்டும் ஒலி உண்டு. கடைக்காரரிடம் கேட்டதற்கு, “எனக்குத் தெரிஞ்சது விண்டோஸ்தேன் சார், இதுக்கு மேல ஓட்டுனா கெட்டுப்போகும்” என்றார்.

6. கொட்டாம்பட்டி ஒச்சம்மாளின் வண்டிப்பாதை வழக்கு, மேல்முறையீட்டில் 4-4-2005 அன்று இறுதி வாதத்திற்கு வருகிறது. ஆவணங்கள் நானூறு பக்கம். அனைத்தும் ஆங்கிலத்தில் தட்டச்சாகிக் கணினியில் உள்ளன. காளைக்கும் உன் அத்தைக்கும் அவ்வளவு ஆங்கிலம் வராது. ஜூனியர் எவரும் இல்லை. உனக்குப் பிறகு வைத்துக்கொள்ளவில்லை.

7. மார்ச் மாத இறுதிக்குள் படிப்பான் பேசாவிட்டால், ஒச்சம்மாளிடம் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொழிலிலிருந்தும் விலகிக்கொள்வதாகத் தீர்மானித்திருக்கிறேன். படிக்காத வழக்கில் எழுந்து நிற்பவனல்ல நான்.

8. நீ இதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவன் அல்ல. விருப்பம் இருந்தால், ஒரு கடிதத்தில் ஒரு சோதனை மட்டும் எழுது.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன.

ராஜகுரு

சாட்சிகள்: 1. ராதாமணி, மனைவி. 2. காளை, எழுதியவர்.


புனே
9-2-2005

மாமா,

உங்கள் தபாலை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஏதோ வழக்கு நோட்டீஸ் என்று நினைத்து, பக்கத்து மேசைக்காரர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அத்தை எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பதால் நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பதில் போடக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க இருந்தேன். நாலு வருடமாக ஒரு வரி இல்லை. இப்போது கணினி ஊமையானதும் முகவரி கிடைத்துவிட்டதாக்கும் என்று கோபம் வந்தது. பிறகு உங்கள் இரண்டாவது பத்தியை மறுபடி படித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கண் விஷயத்தில் எனக்கு வருத்தம். ஆச்சரியம் இல்லை.

முதல் சோதனை. திரையின் கீழ் வலது மூலையில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதைத் திறந்தால் ஐந்தாறு நெம்புகோல்கள் நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை ஒலிக்கு. ஒவ்வொன்றையும் தனியே வாயடைத்துவைக்க வழி உண்டு. எதன் அடியிலாவது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று காளையண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணைய மையத்துக்குப் போய் மின்னஞ்சல் அனுப்பினால் இரண்டே நாளில் முடியும். செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பாபு


காளவாசல், மதுரை
16-2-2005

வெங்கடேஷ்பாபுவுக்கு,

1. 14-2-2005 காலை எட்டே முக்கால் மணிக்குச் சோதனை நடத்தப்பட்டது. தினமும் நான் வேலை தொடங்கும் நேரம் அதுவே. குறை தோன்றும் அதே நேரத்தில், அதே நிலையில் சோதித்தால்தான் முடிவு செல்லும் என்பதால் நேரத்தை மாற்றவில்லை.

2. நெம்புகோல்கள் ஆறு. எதுவும் அடைபடவில்லை. காளை தனியாகப் பார்த்துச் சொன்னார்; பிறகு ராதாமணி தனியாகப் பார்த்துச் சொன்னாள். இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்காதபடி ஏற்பாடு செய்திருந்தேன். இரு கூற்றுகளும் ஒத்துள்ளன.

3. படிப்பான் இயக்கப்பட்டது. ஒலி இல்லை.

4. மின்னஞ்சல் அனுப்ப இணைய மையத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் என் கடிதத்தைச் சொல்லித் தட்டச்சு செய்விக்க வேண்டும். அது முடியாது.

5. சாட்சி ராதாமணி எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் சொன்னதை, காளை எழுதுவதற்காகத் தமிழில் மீண்டும் சொல்லவைத்தேன்: “பாபு நல்லாருக்கானா, நேரத்துக்குச் சாப்பிடுறானான்னு ஒரு வார்த்தை கேட்டு எழுதினா ஒங்க வக்கீல் பட்டத்தைப் பிடுங்கிருவாங்களாக்கும்?” இது சாட்சியின் கூற்று. என் கூற்று அன்று.

6. ‘ஆச்சரியம் இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்கவில்லை, பதிவு மட்டும் செய்கிறேன்.

வாசித்துக் காட்டப்பட்டது. சரி.

ராஜகுரு

சாட்சிகள்: 1. ராதாமணி. 2. காளை.


புனே
22-2-2005

மாமா,

சாட்சி ராதாமணி அவர்களுக்கு: நன்றாக இருக்கிறேன் அத்தை. சாப்பாடு பரவாயில்லை. இங்கே எல்லாவற்றிலும் கொஞ்சம் சர்க்கரை போட்டுவிடுகிறார்கள்.

மாமா, நீங்கள் வைத்த இரட்டைச் சாட்சிமுறையை இங்கே நண்பர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் இவ்வளவு ஒழுங்காகச் சோதனை செய்வதில்லை.

இரண்டாவது சோதனை. கணினியில் உங்களுக்கும் காளையண்ணனுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தேன். உங்கள் கடிதக் கோப்புகளை அவர் தவறிக்கூடத் திறக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் அப்படிச் செய்தேன். இப்போது உங்கள் கணக்கை விட்டு முழுவதும் வெளியேறுங்கள். அவர் தன் கணக்கில் நுழைந்து படிப்பானை இயக்கட்டும்.

அங்கே பேசினால், குறை இயந்திரத்தில் இல்லை. ஒலிச்சாதனத்தைப் பயன்படுத்தும் அனுமதி உங்கள் கணக்குக்கு இல்லாமல் போயிருக்கலாம். அப்படியானால், இத்துடன் வைத்துள்ள தனித்தாளில் பெரிய எழுத்தில் ஒரு கட்டளை எழுதியிருக்கிறேன். காளையண்ணன் எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிக்கட்டும். அது உங்கள் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்கும். பிறகு ஒருமுறை வெளியேறி நுழைய வேண்டும்.

பாபு


காளவாசல், மதுரை
1-3-2005

வெங்கடேஷ்பாபுவுக்கு,

1. 26-2-2005 காலை எட்டே முக்கால் மணிக்கு நான் என் கணக்கை விட்டு வெளியேறினேன். காளை தன் கணக்கில் நுழைந்தார். படிப்பான் பேசியது.

2. அது படித்தது ஒச்சம்மாள் வழக்கின் முதல் பக்கம். காளை திடுக்கிட்டு எழுந்து, “யாத்தே, பொம்பளக் குரல்ல பேசுது! ஐயா, இது கோர்ட்டுக்கு வருமா?” என்று கேட்டார். அவருக்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் என் கடிதக் கோப்புகள் உள்ள கணக்கில் நானே இருந்து படிக்க வேண்டும். இரவல் கணக்கில் அமர்ந்து தொழில் செய்ய மாட்டேன்.

3. அனுமதிக் கட்டளை மூன்றாம் முயற்சியில் பிழையின்றி அடிக்கப்பட்டது. வெளியேறி நுழைந்தேன். மறுநாள் காலை, வழக்கமான நேரத்தில், வழக்கமான நிலையில் சோதித்தேன். ஒலி இல்லை.

4. ஆக, ஒரே இயந்திரம், ஒரே நிரல், ஒரே பக்கம். குமாஸ்தாவுடன் பேசுகிறது. என்னுடன் பேச மறுக்கிறது. இதற்குமுன் என் வாழ்வில் இத்தகைய நிலை ஏற்பட்டதில்லை என்று சொல்ல மாட்டேன்.

5. விசாரணைக்கு முப்பத்து நான்கு நாட்கள் உள்ளன. கட்டை யாரிடம் கொடுக்கலாம் என்று பெயர்களை யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன். யோசனை மட்டுமே, சோதனைகளை நிறுத்தவில்லை. அடுத்ததை எழுது.

வாசித்துக் காட்டப்பட்டது. சரி.

ராஜகுரு

சாட்சிகள்: 1. ராதாமணி. 2. காளை.

தம்பி, இந்த வரிய மட்டும் ஐயாவுக்கு வாசிச்சுக் காட்டல. ஒங்க கடுதாசிய ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லுறாரு. ரெண்டாந்தடவ, “கம்ப்யூட்டர் சமாச்சாரம் கெடக்கட்டும், மத்தத மட்டும் வாசி”ண்டாரு. வாசிச்சு முடிக்கவும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு. அந்தக் கண்ணாடியால அவருக்கு இப்பப் பிரயோசனமே இல்ல. காளை.


புனே
7-3-2005

மாமா,

என் ஊகம் தப்பு. அனுமதி காரணமில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. காளையண்ணன் செய்யாத ஏதோ ஒன்றை நீங்கள் செய்கிறீர்கள். மின்தடைக்குப் பிறகு கடைக்காரர் சோதித்த மதியத்தில் அதை நீங்கள் செய்திருக்கவில்லை. தினமும் எட்டே முக்காலுக்கு முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது.

இதை நான் முதல் கடிதத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை என்றால், நீங்கள் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறீர்கள்.

உங்கள் அறையில் நான் மூன்று வருடம் இருந்தேன். சாட்சிகளை நீங்கள் தயார் செய்வதைப் பார்த்திருக்கிறேன். “கேட்டதுக்கு மட்டும் பதில். ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. வெளக்கம் சொல்லாதீக. அந்தப் பக்கத்து வக்கீலுக்கு அறிவு இருந்தா அடுத்த கேள்வி கேக்கட்டும்.” அழகம்மாள் வழக்கில் அந்த அம்மா கண்ணீரோடு நின்றபோதும் இதையேதான் சொன்னீர்கள். அந்த வழக்கு ஜெயித்தது. நான் கற்றுக்கொண்டேன்.

2001 ஆகஸ்ட் 14 அன்று, ஒச்சம்மாள் வழக்கில் நாம் தாக்கல் செய்யும் முன்பே எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு மனுப் போட்ட சேதி வந்ததும், என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டீர்கள். “ஒச்சம்மாள் கட்டை நீ வெளியே எடுத்துக்கொண்டு போனாயா, இல்லையா?” ஆமாம் என்றேன். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கதவுதான் திறந்தது.

இப்போதும் நானாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்தக் கணினி விஷயத்தில் அந்தப் பழக்கம் உதவாது. காலையில் கணினி முன்னால் உட்காரும் நொடியிலிருந்து எட்டே முக்கால் வரை என்ன செய்கிறீர்கள்? சம்பந்தம் உண்டா இல்லையா என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நான் கேட்காததையும் சொல்லுங்கள்.

பாபு


காளவாசல், மதுரை
14-3-2005

வெங்கடேஷ்பாபுவுக்கு,

1. உன் கடிதத்தின் நான்காம் பத்தியைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை. சொல்லும் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன். உன் உரிமையும் அப்படியே நிற்கும்.

2. முப்பத்தோராண்டுத் தொழிலில், கேட்கப்படாததை நானாகச் சொல்வது இதுவே முதல்முறை. வரிசை பிறழாமல் சொல்கிறேன்.

3. காலை ஏழரை மணிக்குக் கணினி முன் அமர்கிறேன். அது பெரும்பாலும் அணைக்கப்படுவதில்லை. பாட்டு நிரலைத் திறந்து நாதஸ்வரம் கேட்கிறேன். என் நண்பர் பட்டாபிராமன் தன் மகள் தீப்தியின் திருமணத்தில் பதிவுசெய்து குறுவட்டில் கொடுத்தது. மூன்று மணி நேரப் பதிவு. கண் மங்கிய பிறகு, கட்டைப் பிரித்து உட்காரும் காலைப்பொழுது வெறுமையானது. அந்த இடத்தை இது நிரப்புகிறது.

4. எட்டரை மணிக்குக் கட்சிக்காரர் வரத் தொடங்குவார்கள். முதல் காலடி கேட்டதும் பாட்டை நிறுத்திவைக்கிறேன்.

5. நிறுத்திவைக்கிறேன் என்று சொன்னேன். மூடுகிறேன் என்று சொல்லவில்லை. பாதியில் உள்ள எதையும் நான் மூடுவதில்லை. வழக்கு முடியாமல் கட்டைக் கட்டிப் பரணில் போட மாட்டேன், வாய்தாதான் போடுவேன். அதே முறை. மறுநாள் காலை, நின்ற இடத்திலிருந்து தொடர்வேன். கணினி அணைந்த நாட்களில் மட்டும் முதலிலிருந்து.

6. நிறுத்திவைத்த பாட்டில் ஒலி இல்லை. ஒலி இல்லாத ஒன்று இன்னொன்றின் ஒலியைத் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே சொல்லவில்லை. காளை தன் கணக்கில் பாட்டுக் கேட்பதில்லை.

7. வேறு எதுவும் செய்வதில்லை. எட்டு மணிக்கு ராதாமணி காபி கொண்டுவருவாள். அதையும் சொல்லிவிட்டேன்.

8. விசாரணைக்கு இருபத்தொரு நாட்கள்.

வாசித்துக் காட்டப்பட்டது. சரி.

ராஜகுரு

சாட்சிகள்: 1. ராதாமணி. 2. காளை.


புனே
18-3-2005
விரைவுத் தபால்

மாமா,

கிடைத்துவிட்டது. உங்கள் ஐந்தாம் பத்தி.

பாட்டை நிறுத்திவைக்காதீர்கள். மூடுங்கள். நிரலையே மூடிவிட்டு, பிறகு படிப்பானை இயக்குங்கள்.

உங்கள் கணினியில் உள்ள ஒலி அட்டை பழையது. அதற்கு ஒரே வாசல். ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் உள்ளே நிற்கலாம். பாட்டு நிரலை நிறுத்திவைத்தாலும் அது வாசலை விட்டு நகராது. சத்தம் போடாமல் அங்கேயே நிற்கும். அடுத்து வரும் எல்லாரும் திருப்பி அனுப்பப்படுவார்கள். படிப்பான் ‘எனக்கு வழி விடவில்லை’ என்று உங்களிடம் சொல்லவும் முடியாது. அதைச் சொல்லவும் அதே வாசல்தான் வேண்டும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சாட்சி இருக்கிறது. வாசலில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று கணினியையே கேட்கும் கட்டளை தனித்தாளில் இருக்கிறது. பாட்டை மூடும் முன் ஒருமுறை, மூடிய பின் ஒருமுறை அடிக்கச் சொல்லுங்கள். முதல் முறை ஒரு பெயர் வரும். இரண்டாம் முறை எதுவும் வராது.

எல்லா நிரல்களின் ஒலியையும் வாங்கிக் கலந்து அனுப்பும் இடையாள் நிரல் ஒன்று உண்டு. அதை அமைத்துவிட்டால் பாட்டை வாய்தாவிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு நான் நேரில் வர வேண்டும். இப்போதைக்கு மூடினால் போதும். நாதஸ்வரம் எங்கே நின்றது என்று நிமிடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் அங்கிருந்தே தொடங்கலாம்.

கட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பாபு


காளவாசல், மதுரை
9-4-2005
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

சிரஞ்சீவி பாபுவுக்கு,

1. காளவாசல் ராஜகுரு ஆகிய நான், எவருடைய தூண்டுதலும் இன்றி, தெளிந்த மனத்துடன் சொல்லி எழுதுவிப்பது.

2. 22-3-2005 காலை எட்டே முக்கால் மணிக்கு உன் கட்டளை அடிக்கப்பட்டது. வாசலில் நின்ற நிரலின் பெயரைக் காளை எழுத்துக்கூட்டிப் படித்தார். பாட்டு நிரல்தான். ராதாமணி நிமிடத்தைக் குறித்துக்கொண்டாள்: ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். பாட்டு மூடப்பட்டது. மீண்டும் கட்டளை. பெயர் எதுவும் வரவில்லை. படிப்பான் என் கணக்கில், என் கோப்பை, எனக்குப் படித்தது. ராதாமணி, “பாவம், ரெண்டு மாசமா வாசல்ல நின்னுருக்கா” என்று சொல்லி, அந்தக் குரலுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டாள்.

3. பதின்மூன்று நாட்களில் நானூறு பக்கங்களை இரண்டு முறை கேட்டேன். 4-4-2005 அன்று கையில் தாள் இல்லாமல் ஐம்பது நிமிடம் வாதாடினேன். பக்க எண்களை மனத்திலிருந்து சொன்னேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு இடங்களில் சரிபார்த்தார், இரண்டும் சரி. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. கட்டை எவரிடமும் கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை.

4. இனி, 14-3-2005 கடிதத்தில் ஒதுக்கிவைத்த விஷயத்திற்கு வருகிறேன்.

5. வாதத்திற்காக மூல வழக்கின் மனுவைக் கேட்டபோது, கணினியில் அதற்கு இரண்டு படிகள் இருந்தன. ஒன்று 11-8-2001 தேதியிட்டது. நான் சொல்லித் தயாரித்தது. மற்றது 13-8-2001. முதலில் ஒன்றைக் கேட்டேன், பிறகு மற்றதை. ஒரே மனு, ஒரே சொற்கள். நான்கு இடங்களில் மட்டும் வேறுபாடு. என் படியில் பாதையின் சர்வே எண் 133. இரண்டாம் படியில் 138. கோர்ட்டில் தாக்கலானது இரண்டாம் படி. என் படி என்று எண்ணி நான் கையெழுத்திட்டதும் அதில்தான்.

6. பட்டாவில் இருப்பது 138. எட்டை நான் மூன்று என்று படித்திருக்கிறேன். மருத்துவரிடம் போவதற்கு மூன்றாண்டுகள் முன்பே. 133 என்று தாக்கலாகியிருந்தால் ஒச்சம்மாளின் வழக்கு முதல் நாளிலேயே விழுந்திருக்கும்.

7. ஊகத்தின் மேல் நான் முடிவு செய்வதில்லை என்று இதுகாறும் சொல்லிவந்தேன். ஒருமுறை செய்தேன் என்பது இப்போது தெரிகிறது. இம்முறை சாட்சியை விசாரித்தேன். இன்று ஒச்சம்மாள் அலுவலகத்திற்கு வந்திருக்கிறார். அடுத்த கேள்வியை, அதற்கடுத்ததை, எல்லாவற்றையும் கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே காளை எழுதுகிறார்:

“ஆமாய்யா, ஒங்க மருமகப்பிள்ளதேன் வந்துச்சு. கட்டத் தூக்கிக்கிட்டு, வேகாத வெயில்ல பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தே வந்துச்சு. பட்டாவ எடுங்க ஆத்தான்னுச்சு. எடுத்துக் குடுத்தேன். ரெண்டையும் ஒப்புக்கு ஒப்பு வச்சுப் பாத்துச்சு. பெறகு வயலுக்கு வந்து பாதையையும் பாத்துச்சு. எதிராளி வரப்புல நின்னு எங்களையேதேன் பாத்துக்கிட்டிருந்தான். அம்புட்டுக் கடுதாசியப் பாத்தா அவனுக்கு ஒறைக்காதா? அண்ணைக்கே வக்கீல் வீட்டுக்கு ஓடிட்டான். நாந்தேன் கேட்டேன், ஐயா ஏன் தம்பி வரலன்னு. ஐயாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்குது, அவருக்கே இன்னும் தெரியல, நீங்க சொல்லிராதீகன்னுச்சு. நாலு வருசமா நானும் சொல்லல. நீங்க கேக்கல.”

8. ஆக, கட்டை நீ வெளியே எடுத்துச் சென்றது உண்மை. காரணம் என் பிழை. எதிர்த்தரப்பு முந்திக்கொண்டதற்குக் காரணம், நான் நினைத்ததுபோல் நீ கட்டைக் காட்டிக்கொடுத்தது அல்ல, என் பிழையைத் திருத்த நீ வெயிலில் வயலில் நின்றது. ‘ஆச்சரியம் இல்லை’ என்று நீ எழுதியதன் பொருளும் விளங்கியது. நீ தற்காப்பாக ஒரு சொல் சொல்லியிருந்தால், என் கண்ணைப் பற்றி என் அறையில், என் குமாஸ்தாவின் முன் சொல்லியிருக்க வேண்டும். நீ சொல்லவில்லை.

9. முப்பத்தோராண்டுகளாக, மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்று பிறரிடம் வாதாடிவந்திருக்கிறேன். என் வீட்டில் நான் கேட்கவில்லை. கேள்வி ஒன்று போதும் என்று நினைத்தேன். இது பிழை. என் பிழை. இதற்கு விளக்கமோ வரம்போ சேர்க்கவில்லை.

10. 14-8-2001 அன்று நான் சொன்ன வார்த்தை இதனால் ரத்தாகிறது. அன்றைய தேதியிலிருந்தே ரத்து, இன்றிலிருந்து அல்ல.

11. குமாஸ்தா காளை, முன்னொரு கடிதத்தில் எனக்கு வாசித்துக்காட்டாத வரி ஒன்றைச் சேர்த்ததாக நேற்று ஒப்புக்கொண்டார். என்ன வரி என்று கேட்டேன். சொன்னார். அவர் மேல் நடவடிக்கை இல்லை.

12. வரும் 17-4-2005, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே முக்கால் மணிக்குத் தொலைபேசியின் அருகில் அமர்ந்திருப்பேன். அன்று கட்சிக்காரர் எவருக்கும் நேரம் கொடுக்கவில்லை. நாதஸ்வரம் மூடப்பட்டிருக்கும். நான்காண்டில் நீ சொல்ல வேண்டியது எவ்வளவு இருந்தாலும் சொல். கடுமையாகச் சொல்ல வேண்டியதையும் சொல். நீ முடிக்கும்வரை நான் குறுக்கே பேச மாட்டேன். உன் அத்தை பேசுவாள். அதை என்னால் தடுக்க இயலாது.

13. இடையாள் நிரலை அமைக்க நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். மேசையில் உன் இடம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் கட்டுகள் அடுக்கியிருந்தோம். இன்று காலை காளை எடுத்துவிட்டார்.

மேற்கண்ட அனைத்தும் எனக்கு இருமுறை வாசித்துக் காட்டப்பட்டன. காளை விரலை வைத்துக் காட்டிய இடத்தில் நானே கையொப்பமிடுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மாமா
ராஜகுரு

சாட்சிகள்:
1. ராதாமணி, மனைவி, காளவாசல்.
2. ஒச்சம்மாள், கொட்டாம்பட்டி (இடது பெருவிரல் ரேகை).

எழுதியவர்: காளை, குமாஸ்தா. இந்த முறை எல்லா வரியும் வாசிச்சுக் காட்டியாச்சு தம்பி.